தீப்பெட்டித் தலைமுறைக்கு முதுமை வருகிறது

1975-ஆம் ஆண்டில் பத்து வயதில் தீக்குச்சி அடுக்கப் போன சிறுமிக்கு 2025-இல் அறுபது வயது. விடியுமுன் கம்பெனி வண்டியில் ஏறி, பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பிய பிள்ளைகள் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவம் கைநழுவிப் போயிருந்தது. அந்தத் தலைமுறைதான் இப்போது முதுமைக்குள் காலெடுத்து வைக்கிறது.

பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாற்றக்கூடிய 14 காரணிகளை வாழ்நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டால், உலகில் வரும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது அந்த அறிக்கை. இளம் வயதில் அந்தப் பட்டியலுக்குள் வரும் காரணி, போதிய பள்ளிக் கல்வி இல்லாமை. நடுவயதில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், தலைக்காயம், புகை, மது, மனச்சோர்வு. முதுமையில் தனிமை, பார்வைக் குறைவு, காற்று மாசு. பள்ளிக்குப் போகாத எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் வரும் வாய்ப்பு கூடுகிறது. அன்று பிள்ளைகளிடமிருந்து பறித்த படிப்புக்கான விலையை, அவர்களின் முதுமை கொடுக்க நேரிடலாம்.

இதைத் தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாது. மனித நினைவாற்றல் பற்றிய மருத்துவ ஆய்வுகளும் சோதனைகளும் இந்த மாவட்டத்தின் காரியாபட்டி போன்ற ஊர்களுக்கு வர வேண்டும் என்று இந்தத் தலையங்கம் வாதிடுகிறது. அவை நம் பெரியவர்களின் மானத்தையும் உரிமையையும் காக்கும் நிபந்தனைகளோடு வர வேண்டும் என்றும் வாதிடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு ஆய்வாளர், அரசு, ஊர், குடும்பம் என நால்வரும் தோள் கொடுக்க வேண்டும்.

கணக்கில் வராத பெரியவர்கள்

2017 முதல் 2020 வரை நாடு முழுவதும் அறுபது வயது கடந்த 4,096 பேரை நேரில் சோதித்த ‘லாசி-டாட்’ ஆய்வு, அந்த வயதினரில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதாவது சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் நோய் அதிகம். கிராமம், பெண், படிப்பில்லை என்ற மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் எது என்று காரியாபட்டி வட்டாரத்தில் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2021-இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் இங்குதான்.

இருந்தும் இந்த நோய் நம் கண்ணில் படுவதில்லை. காரணத்தை வேலூர் காட்டியது. உலக மறதி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கு நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் 1998-இல் கொச்சியில் பிறந்தது ‘10/66’ ஆய்வுக் குழு. சென்னையிலும் வேலூர் மாவட்டக் கிராமங்களிலும் அறுபத்தைந்து வயது கடந்தவர்களை அது ஆராய்ந்தது. 2008-இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலை வைத்தால் வேலூர்க் கிராமங்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் நோய். படிப்பு, பண்பாட்டு வேறுபாடுகளைக் கருத்தில் கொண்டு அந்தக் குழு உருவாக்கிய அளவுகோலை வைத்தால் 10 சதவீதத்துக்கும் மேல். அதே ஊர், அதே மனிதர்கள்.

இந்த இடைவெளியில் நம் குடும்பங்களின் குணமும் கலந்திருக்கிறது. அளவுகோல் நோய் என்று ஒப்புக்கொள்ள, அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்லவும் வேண்டும். நம் வீடுகளில் அப்பத்தா கணக்கை மறந்தால் பேரன் கடைக்குப் போய்விடுகிறான். தாத்தா வழி தப்பினால் தெரிந்தவர் யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுகிறார். ஆய்வாளர் வந்து கேட்டால், “வயசாயிருச்சு, அப்படித்தேன் இருக்கும்” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அன்பால் தாங்கிப் பிடிக்கிறோம். தாங்குவதாலேயே நோய் மறைந்துபோகிறது. சுருக்குப்பையில் இருந்த பணத்தை மருமகள் எடுத்துவிட்டாள் என்று மாமியார் சண்டை பிடிப்பது சில நேரங்களில் நோயின் அறிகுறி. அது நோய் என்று தெரியாமல் குடும்பமே இரண்டாகப் பிரிந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

அளக்கும் முறையும் மாற வேண்டும். பென்சில் பிடித்தே பழகாதவரிடம் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், அவர் தோற்பது நினைவில் அல்ல, எழுத்தில். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் 1990-களில் இதை உணர்ந்து கேள்விகளைத் திருத்தினார்கள். வாக்கியம் எழுதச் சொல்லும் இடத்தில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொல்லும் இடத்தில், நான் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யுங்கள் என்றார்கள். கரிசல் காட்டுப் பெரியவருக்கும் இப்படி ஒரு திருத்தம் வேண்டும். அவருக்கு இன்று தேதி என்ன என்பது தெரியாமல் இருக்கலாம். அமாவாசைக்கு எத்தனை நாள், சந்தை என்றைக்கு, எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்பது நாவில் நிற்கும். அந்த அறிவைக் கேட்காமல் அவருடைய நினைவை அளந்ததாகச் சொல்வது நியாயமாகாது.

மாத்திரை மட்டும் சோதனை அல்ல

‘கிளினிக்கல் ட்ரையல்’ என்றதும் ஊசியும் மாத்திரையும்தான் பலர் மனதில் வரும். அதுவும் உண்டு. லெகனமாப் என்ற மருந்து 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் சோதிக்கப்பட்டு, 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. அல்சைமர் வகை மறதி நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களின் சரிவை அது 27 சதவீதம் மந்தப்படுத்தியது. நோயை அது குணப்படுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வந்ததால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட மருந்து நம் மக்களின் உடலுக்கும் உணவுக்கும் உடனிருக்கும் நோய்களுக்கும் எப்படிப் பொருந்தும் என்பதை, நம் மக்களும் சோதனையில் இடம்பெற்றால்தான் அறிய முடியும்.

மருந்தில்லாத சோதனைகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக் கொதிப்புக் கண்காணிப்பு ஆகியவற்றை இரண்டு ஆண்டு சேர்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவைவிட அவர்களின் சிந்தனைத் திறன் மேலாக இருந்ததை 2015-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் காது மந்தமான 977 முதியவர்களிடம் காது மெஷின் நினைவைக் காக்குமா என்று மூன்று ஆண்டு சோதித்தார்கள். மொத்தக் குழுவில் வித்தியாசம் தெரியவில்லை; ஆனால் இதய நோய் ஆய்வொன்றிலிருந்து வந்த, நோய் வாய்ப்பு அதிகமுள்ள முதியவர்களிடம் சரிவு 48 சதவீதம் மந்தமானது. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடு தேடிப் போய் வழிகாட்டினார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்ததாக 2008-இல் முடிவு வந்தது. இந்தியக் குடும்பத்துக்குள் இந்திய ஆய்வாளர்கள் கண்ட விடை அது.

நம் வட்டாரத்துக்கே உரிய கேள்விகளும் காத்திருக்கின்றன. விசைத்தறிச் சத்தத்திலும் நூற்பாலை இரைச்சலிலும் ஆயுளைக் கழித்தவர்களின் காதும் நினைவும் அறுபதுக்குமேல் என்னவாகின்றன? வெடிமருந்துத் தூசிக்கு நடுவே பட்டாசு செய்தவர்களுக்கு மூளையில் ஏதும் தங்குகிறதா? தீப்பெட்டிக்காகப் பள்ளியை இழந்தவர்களுக்கு, முதுமையில் எந்தப் பயிற்சி அந்த இழப்பை ஓரளவேனும் ஈடுகட்டும்? ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்தபோது, இரு மொழி பேசியவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரிந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று பேசும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். படிப்பு கொடுக்காத பாதுகாப்பை இரண்டு மொழி கொடுத்திருக்கிறதா? இந்தக் கேள்விகளைப் பின்லாந்து கேட்காது; நாம்தான் கேட்க வேண்டும்.

கிராமத்தில் இது நடக்குமா என்றால், நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில் 45 வயது கடந்த கிராமத்தவர்களைத் தொடர்ந்து பல ஆண்டு கவனிக்கும் ஆய்வை 2018-இல் தொடங்கியது. இலக்கு 10,000 பேர். கோலாரும் காரியாபட்டியைப் போல வானம் பார்த்த பூமிதான்.

அச்சம் நியாயமானது

எங்களைச் சோதனை எலியாக்குகிறீர்களா என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அதற்கு வரலாறு இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமியர் சுமார் 24,000 பேருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. ஏழு சிறுமியர் இறந்தனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது அரசின் விசாரணை. ஆனால் ஒப்புதல் பெற்ற விதத்தில் பெரும் பிழை இருந்தது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அறிவியல் தோற்காத இடத்திலும் நம்பிக்கை தோற்றுப்போகலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இன்று சட்டம் சில கதவுகளைப் பூட்டியிருக்கிறது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருக்க வேண்டும். சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. சோதனையை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் சட்டம் தெரிந்தவரும், பெண் ஒருவரும், மருத்துவம் சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரும் கட்டாயம். சோதனை நடக்கும் இடத்தில் அப்படி ஒரு குழு இல்லையென்றால், அதே நகரில் அல்லது 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள குழுவின் அனுமதி வேண்டும். காரியாபட்டிக்கு மதுரையும் விருதுநகரும் அந்தத் தொலைவுக்குள்தான் இருக்கின்றன.

நினைவு ஆய்வுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. திங்கட்கிழமை சரி என்று சொன்னவர் செவ்வாய்க்கிழமை அதை மறந்திருப்பார். அமெரிக்காவின் ஹென்றி மோலைசன் 1953-இல் வலிப்புக்காகச் செய்த மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளைச் சேமிக்கும் ஆற்றலை இழந்தார். 2008-இல் இறக்கும்வரை ஆய்வுகளில் பங்கேற்றார். நினைவு பற்றி உலகம் இன்று அறிந்தவற்றில் பெரும் பங்கு அவர் தந்தது. ஆனால் தான் தந்தது இன்னது என்பதை அவரால் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. இந்த நிலையில் உள்ள மனிதரிடம் ஒரு முறை கைநாட்டு வாங்கிவிட்டு ஐந்து ஆண்டு ஆய்வு செய்வது தகாது. ஒவ்வொரு வருகையிலும் புதிதாகச் சொல்லி, புதிதாகக் கேட்க வேண்டும். முகம் சுளித்தாலும், கையை உதறினாலும், எழுந்து போனாலும் அது மறுப்புதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவும் இந்த வழியில்தான் செல்கிறது. ஒப்புதல் தர இயலாத ஒருவர் ஆய்வை எதிர்க்காதபோதும், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது.

இந்த மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் தலைக்கூத்தல் பற்றி 2010-இல் வந்த செய்திகள் விருதுநகரின் பெயரோடு வந்தன. வறுமையும் பராமரிக்க ஆளில்லாத நிலையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பெரியவர் சார்பில் வீட்டார் முடிவெடுப்பது எப்போதும் அவருடைய நன்மைக்காகவே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எனவே மகன் சரி என்றால் போதும் என்று எந்த ஆய்வாளரும் எண்ணக் கூடாது. பெரியவரின் குரலை முதலில் கேட்க வேண்டும், கடைசியாகவும் கேட்க வேண்டும்.

யார் எதைச் செய்வது?

ஆய்வாளர்கள் முதலில் ஊருக்குச் சொல்ல வேண்டும். சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்படும், யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவாகும், நடத்துபவருக்கே அது தெரியாது என்பதைப் பேச்சுத் தமிழில் பொதுவிடத்தில் விளக்க வேண்டும். ரத்த மாதிரி எங்கே போகிறது, யார் பணம் போடுகிறார்கள், இந்தியச் சோதனைப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்பவற்றையும் சொல்ல வேண்டும். முடிவு வந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, கண்டது இது என்று சொல்ல வேண்டும். சேகரித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வராததுதான் கிராமங்களின் நெடுநாள் மனக்குறை. மருந்து பலன் தந்தால், சோதனை முடிந்த பிறகும் அந்த மனிதருக்கு அது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

அரசுக்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். மறதி நோயின் காரணிகளில் இரண்டு அவை. அதே வருகையில் நினைவு பற்றி நான்கு கேள்வியும், காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்ற விசாரிப்பும் சேர்ந்தால் பெரும் பணி நடக்கும். ஆனால் அந்தப் பெண்களுக்குப் பயிற்சியும் கூடுதல் ஊதியமும் தராமல் கூடுதல் சுமை மட்டும் ஏற்றக் கூடாது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் மதுரை மருத்துவக் கல்லூரியும் காரியாபட்டி அரசு மருத்துவமனையில் குறித்த நாளில் நினைவு மருத்துவம் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் ஆய்வு மட்டும் நடந்தால், நோயைப் பெயரிட்டுவிட்டுக் கைவிட்டதாகிவிடும்.

குடும்பங்கள் மறைப்பதை நிறுத்த வேண்டும். மறதி நோய் சாபமும் அல்ல, கிறுக்கும் அல்ல. சீக்கிரம் காட்டினால், வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருந்தால் கண்டுபிடிக்கலாம். பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அவரிடம் பேச வேண்டும்: பிற்காலத்தில் ஆய்வில் சேர விருப்பமா, உங்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும், எது வேண்டவே வேண்டாம்? வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது இந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பின்னால் பல சங்கடங்கள் தவிரும்.

குடிநீரும் பேருந்தும் சரியாக இல்லாத ஊரில் நினைவு ஆய்வு ஆடம்பரம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ரத்தக் கொதிப்பு மாத்திரை தடையின்றிக் கிடைப்பது, கண்புரை அறுவைக்குப் பேருந்து கிடைப்பது, பெண்குழந்தை பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் படிப்பது ஆகிய எல்லாமே நினைவைக் காக்கும் வேலைதான். 1956-இல் மதிய உணவைப் பள்ளிக்குக் கொண்டுவந்த காமராஜர் பிறந்த மாவட்டம் இது. அவர் போட்ட சோறு பசியை ஆற்றியது மட்டுமின்றிப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியது. அப்படிப் படித்தவர்களின் முதுமைக்கும் அந்தப் படிப்பு ஒரு காவல் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அந்தக் காவல் கிடைக்காமல் போனவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் காந்தி ஜெயந்தி அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. காரியாபட்டி ஒன்றியத்தின் ஊராட்சிகள் அன்று மூன்று தீர்மானங்களை நிறைவேற்றலாம். நினைவுப் பரிசோதனையை மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்க்க அரசைக் கேட்பது ஒன்று. எந்த மருத்துவ ஆய்வும் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் கிராம சபையில் விளக்கம் தர வேண்டும் என்பது இரண்டு. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சாட்சியாக நிற்க, ஊரார் நம்பும் ஆண், பெண் இருவரை, ஆய்வோடு தொடர்பில்லாதவர்களாகத் தேர்ந்தெடுப்பது மூன்று. காரியாபட்டிப் பேரூராட்சியின் பகுதி சபைகளும் இதையே செய்யலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. ஊர் ஒன்று சேர்ந்து முடிவெடுத்தால், ஆய்வாளர் வரும்போது தனித்தனியாக மிரண்டு நிற்கும் முதியவர்களுக்குப் பதிலாக, கேள்வி கேட்கத் தெரிந்த, பங்கெடுக்கத் தயாரான ஓர் ஊர் அவரை எதிர்கொள்ளும்.